ஆட் மேத்ஸில் சி ப்ளஸ், வீட்டில் கணினி இல்லை: கணினி அறிவியல் படிக்கலாமா?

கேள்வி:

அக்கா, நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். படிவம் ஐந்தில் எழுதிய எஸ்பிஎம் தேர்வு முடிவு வந்துவிட்டது. கணிதத்தில் ஏ மைனஸ், கூடுதல் கணிதமான ஆட் மேத்ஸில் சி ப்ளஸ், இயற்பியலிலும் ஆங்கிலத்திலும் பி. எனக்குக் கணினி அறிவியல் படிக்க ஆசை. பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷன் படிப்பு கிடைக்கவில்லை. படிவம் ஆறுக்குக் கடிதம் வந்திருக்கிறது. இதற்கிடையில் தனியார் கல்லூரி ஏஜெண்ட் ஒருவர் வீட்டுக்கே வந்தார். ஐடி டிப்ளோமாவில் இந்த மாதக் கடைசிக்குள் பதிந்தால் மடிக்கணினி இலவசம், அரசாங்கக் கல்விக் கடனான பிடிபிடிஎன் எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்கிறார். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார், அம்மா கூலிமில் தொழிற்சாலை ஆபரேட்டர். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று அப்பா நினைக்கிறார். மாமாவோ, ஏஐ வந்தாச்சு, இனி கணினி படித்தவர்களுக்கு வேலை கிடையாது, தாதியர் படிப்புக்குப் போ என்கிறார். வீட்டில் கணினி இல்லை, கைப்பேசி மட்டும்தான். பள்ளியில் கணினிப் பாடமும் நான் எடுக்கவில்லை. படிவம் ஆறு ரொம்பக் கஷ்டம் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நீ கணினி அறிவியல் படிக்கலாம். அதற்குப் படிவம் ஆறில் போய்ச் சேர். அந்த ஏஜெண்ட் நீட்டும் தாளில் இந்த மாதம் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். இவ்வளவுதான் என் பதில். ஆனால் காரணம் தெரியாமல் நீ வீட்டில் பேச முடியாது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன். அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டு.

நான் பினாங்கில் மென்பொருள் எழுதும் வேலையில் இருக்கிறேன். பல்கலைக்கழகம் முடித்து வரும் பிள்ளைகளை நேர்காணல் செய்வதும் என் பொறுப்பில் ஒன்று. நம் பிள்ளைகள் பலர் இந்தப் படிப்பு எதைப் பற்றியது என்றே தெரியாமல் சேர்ந்து, முதல் வருடத்திலேயே மனம் விட்டுப்போவதைப் பார்க்கிறேன். கணினிப் படிப்பு என்றால் வேகமாகத் தட்டச்சு செய்வது, வெப்சைட் போடுவது, பழுதான கணினியைச் சரிபார்ப்பது என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். உள்ளே போனால் கரும்பலகை முழுக்கக் கணக்கு. அதனால் முதலில் படிப்பைப் பற்றியே சொல்லிவிடுகிறேன்.

உன் தோட்டத்துச் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பெயர்ப் பட்டியலில், 1,000 பேர் இருக்கிறார்கள், எல்லாரும் எண் வரிசைப்படி இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள். ஓர் எண்ணைத் தேட வேண்டும். முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால், அந்த ஆள் கடைசியில் இருக்கும்போது 1,000 வரியையும் பார்த்தாக வேண்டும். அதற்குப் பதிலாக நடுவில் திற. தேடும் எண் அதற்கு மேலே இருக்கிறதா, கீழேயா என்று பார். வேண்டாத பாதியை விட்டுவிடு. மிச்சப் பாதியை மறுபடி நடுவில் திற. இப்படியே போனால் 10 தடவைக்குள் ஆள் கிடைத்துவிடுவார். 10 லட்சம் பேர் இருந்தாலும் 20 தடவைதான். ஒன்றை இரண்டால் 10 முறை பெருக்கினால் 1,024 வருகிறது இல்லையா, அந்தப் பத்துதான் இது. ஆட் மேத்ஸில் லாகரிதம் போட்டாயே, அது இங்கேதான் வேலை செய்கிறது.

சரி, தினமும் புது ஆட்கள் சேருகிறார்கள், பழைய ஆட்கள் நின்றுவிடுகிறார்கள் என்றால்? ஒவ்வொரு தடவையும் முழுப் பட்டியலையும் மறுபடி வரிசைப்படுத்துவதா? பட்டியலை வேறு விதமாகவே அடுக்கி வைத்தால், சேர்ப்பதும் நீக்குவதும் தேடுவதும் எல்லாமே சீக்கிரம் நடக்குமா? தரவுக் கட்டமைப்பு என்று இரண்டாவது, மூன்றாவது பருவத்தில் ஒரு பாடம் வரும். அதில் நாள் கணக்கில் இதைத்தான் யோசிப்பார்கள். இவ்வளவு நேரம் நான் பேசியதில் எந்த இயந்திரமும் வரவில்லை, கவனித்தாயா? இந்த இரண்டு பத்தியையும் படித்தபோது, ஆமாம், வேறு எப்படி அடுக்கலாம் என்று உனக்குள் ஒரு குறுகுறுப்பு வந்திருந்தால் உனக்கு ஏற்ற படிப்பு இதுதான். எரிச்சல் மட்டுமே வந்திருந்தால், அதையும் உனக்கு நீயே உண்மையாகச் சொல்லிக்கொள்.

அதோடு நிரலாக்கம், டிஸ்கிரீட் மேத்ஸ், தரவுத்தளம், இயங்குதளம், வலையமைப்பு எல்லாம் இருக்கும். கடைசியில் ஒரு தொழிற்பயிற்சியும் இறுதியாண்டு ப்ராஜெக்டும் உண்டு. பள்ளியில் கணினிப் பாடம் எடுக்கவில்லையே என்று கவலைப்படாதே. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முதல் நிரலாக்கப் பாடம் ஒன்றுமே தெரியாதவருக்கும் சேர்த்துத்தான் நடத்தப்படுகிறது. முன்பே கொஞ்சம் தெரிந்தவர்கள் முதல் சில வாரம் அலட்டிக்கொள்வார்கள். அவர்களைப் பார்த்து நீ பின்வாங்காமல் இருந்தால் போதும்.

இப்போது உன் சி ப்ளஸ். எஸ்பிஎம்மில் சி வரைக்கும் கிரெடிட்தான், அதனால் உன்னுடையது கிரெடிட். இந்தத் துறையில் ஆட் மேத்ஸ் கிரெடிட்டைப் பல இடங்களில் கேட்பார்கள், அது உன்னிடம் இருக்கிறது. ஆனால் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் போட்டி அதிகம். அங்கே உன்னைத் தூக்கி நிறுத்தப்போவது படிவம் ஆறில் எழுதும் எஸ்டிபிஎம் தேர்வின் முடிவுதான். அதைவிட முக்கியமாக, எந்தத் தலைப்பில் உனக்கு மதிப்பெண் போனது என்று யோசித்துப் பார். வகையீடும் தொகையீடும் உதைத்திருந்தால் அது வேறு. ஃபங்ஷன், லாகரிதம், புரோக்ரஷன், பெர்மியூட்டேஷன் காம்பினேஷன் இவை புரியாமலே போயிருந்தால், முதல் வேலையாக அவற்றைத் திரும்பப் படி. நம் துறை அவற்றின் மேல்தான் நிற்கிறது. புரிந்தது, பயிற்சிதான் பத்தவில்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. சி ப்ளஸ் வாங்கிய நிறையப் பேருக்கு இந்த இரண்டாவது கதைதான். டியூஷனுக்குப் போக வசதியில்லாமல், பள்ளியிலும் ஆசிரியர் அடிக்கடி மாறி, பாடம் பாதியில் நின்றிருக்கும்.

படிவம் ஆறு கஷ்டம் என்கிறார்கள். ஆமாம், கஷ்டம்தான், இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஊரில் சுற்றும் பயக் கதைகளில் பாதி பழைய எஸ்டிபிஎம்மைப் பற்றியவை. அப்போது எல்லாப் பாடத்தையும் கடைசியில் ஒரே மூச்சில் எழுத வேண்டும். 2012-இலிருந்து தவணை முறை வந்துவிட்டது. மூன்று தவணை, ஒவ்வொரு தவணைக்கும் தனித் தேர்வு. ஒரு தவணையில் சறுக்கினாலும் அந்தத் தாளைத் திரும்ப எழுத வழி இருக்கிறது. ஒன்றரை வருடத்தில் முடிந்துவிடும். நீ எடுக்க வேண்டியது கணிதம் டி. முதல் தவணையில் அணிகள், வெக்டர், தொடர்கள், இரண்டாவதில் கால்குலஸ், மூன்றாவதில் புள்ளியியல். இந்த மூன்றும் கணினி அறிவியலின் முதல் இரண்டு வருடத்துக்கு அஸ்திவாரம். மாமா பயப்படும் ஏஐ இருக்கிறதே, அதன் உள்ளே ஓடுவது பெரும்பாலும் அணிப் பெருக்கலும் நிகழ்தகவும்தான். படிவம் ஆறை வீணாகப் போகும் ஒன்றரை வருடமாகப் பார்க்காதே. இந்தப் படிப்பே அங்கிருந்துதான் உனக்குத் தொடங்குகிறது.

இன்னொரு காரணம், என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிய காரணம். எஸ்டிபிஎம் சான்றிதழை எல்லாரும் ஏற்றுக்கொள்கிறார்கள். நாட்டின் எல்லா அரசாங்கப் பல்கலைக்கழகமும், தனியாரும், வெளிநாடும். ஒரு தனியார் கல்லூரியின் ஃபவுண்டேஷனோ டிப்ளோமாவோ அப்படி இல்லை. அதை எடுத்துக்கொண்டு அடுத்த கல்லூரிக்குப் போனாலே, எத்தனை பாடத்தை ஒத்துக்கொள்வார்கள் என்று காத்துக்கிடக்க வேண்டும். உனக்கு இப்போது பதினேழு, பதினெட்டு வயது. இந்த வயதில் எல்லாக் கதவையும் திறந்து வைத்திருக்கும் வழியைத்தான் நான் சொல்வேன். அரசாங்கப் பள்ளியில் படிவம் ஆறுக்கு ஆகும் செலவும், எந்தத் தனியார் கல்லூரியோடும் ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு.

அப்பாவுக்குக் காசுக் கணக்கு தெரிய வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பட்டப்படிப்புக்குக் கட்டணம் ஒரு பருவத்துக்கு ஏறக்குறைய ஆயிரம், ஆயிரத்தைந்நூறு வெள்ளி (ரிங்கிட்). விடுதியும் சாப்பாடும் தனி. தனியாரில் பட்டப்படிப்பு முழுவதற்கும் நாற்பதாயிரம் வெள்ளிக்குக் கீழே கிடைப்பது அரிது, பெயர் பெற்ற இடங்களில் அதற்கும் மேலே ஏறிக்கொண்டே போகும். உன் ஏஜெண்ட் பேசுவது டிப்ளோமாவைப் பற்றி மட்டும். அது முடிந்த பிறகு பட்டப்படிப்புக்கு இன்னொரு கட்டணம், இன்னொரு கடன். "பிடிபிடிஎன் எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்றால், விண்ணப்பப் பாரத்தை நிரப்பித் தருவார்கள் என்றுதான் பொருள். கடன் உன் பெயரில் இருக்கும். படிப்பு முடிந்து 12 மாதத்தில் கட்ட ஆரம்பிக்க வேண்டும். கடன் முழுக் கட்டணத்தையும் அடைக்காவிட்டால் மிச்சம் அப்பாவின் சம்பளத்திலிருந்துதான் போகும். இலவச மடிக்கணினியின் விலையும் அந்தக் கட்டணத்துக்குள்தான் எங்கோ ஒளிந்திருக்கிறது.

பிடிபிடிஎன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணத்தில் வேறு இடத்தில் கடன் கிடைப்பது அரிது. அதனால் எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகள் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். முதல் வகுப்பில் தேறுபவர்களுக்குக் கடனைத் திரும்பக் கட்டுவதிலிருந்து விலக்கும் உண்டு, அந்தந்தச் சமயத்து நிபந்தனைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தக் கடனைக் குறைந்த கட்டணப் படிப்புக்கு வாங்குவதற்கும், அதிகக் கட்டணப் படிப்புக்கு இரண்டு தடவை வாங்குவதற்கும் உன் வாழ்க்கையில் பத்து வருட வித்தியாசம் இருக்கும். விண்ணப்பிக்க எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு வேண்டும். அதை அம்மா இப்போதே சின்னத் தொகையில் உன் பெயரில் திறந்துவிடலாம்.

அப்புறம், ஏஜெண்ட் மறுபடி வந்தால் மரியாதையாக உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, சில விஷயங்களை எழுத்தில் கேட்கச் சொல் அப்பாவை. இந்தப் படிப்புக்கு, உயர்கல்விப் படிப்புகளை அங்கீகரிக்கும் எம்கியூஏவின் முழு அங்கீகாரம் இருக்கிறதா, தற்காலிக அங்கீகாரம் மட்டும்தானா? அங்கீகார எண்ணைக் கொடுத்தால் எம்கியூஏவின் பதிவேட்டில் நீயே தேடிப் பார்த்துக்கொள்ளலாம், இணையத்தில் இலவசமாக இருக்கிறது. பதிவுக் கட்டணம் முதல் தேர்வுக் கட்டணம் வரை மொத்தம் எவ்வளவு? ஒரு பருவம் படித்துவிட்டு நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? இவற்றுக்கு எழுத்தில் பதில் தராத கல்லூரியின் பக்கம் போகவே வேண்டாம். மாதக் கடைசி என்ற அவசரம் அவருடையது, உன்னுடையது கிடையாது. இந்த மாதம் இல்லாவிட்டால் அடுத்த சேர்க்கைக்கு அவரே மறுபடி வருவார்.

எல்லாத் தனியாரையும் ஒரே கூடையில் போடுவது நியாயமாகாது. உங்கள் பக்கத்திலேயே பீடோங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது, நம் சமூகம் சேர்ந்து எம்ஐஇடி என்ற கல்வி அமைப்பு மூலமாகக் கட்டியது. கம்பாரில் யூடார் பல்கலைக்கழகம் இருக்கிறது. எஸ்டிபிஎம் முடித்து, அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் நீ கேட்ட படிப்பு கிடைக்காமல் போனால் அப்போது இவற்றைப் பார்ப்போம். எஸ்டிபிஎம்மோடு போனால் நேராகப் பட்டப்படிப்பில் சேரலாம், டிப்ளோமா தேவையில்லை.

ஒருவேளை வீட்டு நிலைமையால் படிவம் ஆறு முடியவே முடியாது என்றால், அடுத்ததாக நான் சொல்வது பாலிடெக்னிக். ஒரு பருவத்துக்குக் கட்டணம் 200 வெள்ளி. கூலிமிலேயே ஒன்று இருக்கிறது. எந்தப் பாலிடெக்னிக்கில் தகவல் தொழில்நுட்ப டிப்ளோமா நடக்கிறது என்று பார்த்து விண்ணப்பி. நல்ல முடிவு வாங்கினால் அங்கிருந்தும் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு ஏறலாம். மெட்ரிகுலேஷனுக்கு மேல்முறையீடும் போட்டு வை, கிடைத்தால் ஒரே வருடத்தில் முடியும். ஆனால் அதை நம்பிப் படிவம் ஆறு வகுப்பைத் தவறவிடாதே.

மாமாவுக்கு வருகிறேன். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை ஒதுக்கிவிடக் கூடாது. 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்தது முதல் எங்கள் வேலையே மாறிவிட்டது. ஒரு சாதாரண இணையப் பக்கம், சின்னச் சின்ன நிரல், முன்பு புதிதாகச் சேர்ந்தவர்களிடம் கொடுத்துப் பழக்கும் வேலைகள், இவற்றை இப்போது அது நிமிடத்தில் எழுதித் தருகிறது. ஒரு மொழியை மனப்பாடம் செய்து, சொன்னதைத் தட்டிக் கொடுக்கும் ஆளுக்கு இனிமேல் கஷ்டம்தான். ஆகவே மாமா பயப்பட வேண்டியது கணினி அறிவியலைப் பார்த்து இல்லை. அஸ்திவாரம் போடாமல், இரண்டு வருடத்தில் நாலு மென்பொருளைப் பழக்கி அனுப்பும் படிப்பைப் பார்த்துத்தான்.

ஏஐ எழுதித் தரும் நிரல் பார்க்க அழகாக இருக்கும், ஓடவும் ஓடும். சம்பளம் போடும் நிரல் ஒன்றைக் கேட்டால் கொடுக்கும். பொது விடுமுறையில் வேலை செய்தவருக்குக் கூடுதல் சம்பளம் சேர வேண்டும் என்பதை அது விட்டிருக்கலாம். ஒருவர் மாதப் பாதியில் வேலைக்குச் சேர்ந்தால் கணக்கு தப்பலாம். அதை யார் கண்டுபிடிப்பது? சம்பளம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்றும் தெரிந்து, நிரல் எப்படி ஓடுகிறது என்றும் தெரிந்த ஆள்தான். நேர்காணலில் நான் எந்த மொழி தெரியும் என்று கேட்பதைக் குறைத்துவிட்டேன். நீ செய்த ப்ராஜெக்டில் எது தப்பாகப் போனது, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்கிறேன். தானே உட்கார்ந்து செய்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி வந்ததும் பேச்சு கொட்டும். வேறு யாரோ செய்ததை, அல்லது ஏஐ செய்ததை, தன் பெயரில் கொண்டுவந்தவருக்கு வாய் வராது. பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகும் இதை மனதில் வை. முதல் வருடப் பயிற்சிகளை ஏஐயிடம் கொடுத்து வாங்காதே. நீ எழுதி முடித்த பிறகு, இதில் என்ன தப்பு என்று அதனிடம் கேட்டுக்கொள், தாராளமாக.

தாதியர் படிப்பு நல்ல படிப்பு, தேவையான வேலை. ஆனால் மாமாவின் பயத்துக்காக நீ அங்கே போகக் கூடாது. நோயாளியைப் பார்க்கும் வேலைக்கும் மனம் அங்கேயே இருக்க வேண்டும்.

உன் அம்மாவிடம் ஒரு விஷயம் கேள். அவர் வேலை செய்யும் லைனில் எந்த இயந்திரம் எத்தனை துண்டு முடித்தது, எத்தனை கழிந்தது என்று திரையில் வருமே, அந்தக் கணக்கை எழுதும் மென்பொருளை யார் கவனிக்கிறார்கள் என்று. இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972-இல் பினாங்கில் திறந்தது. 1996-இல் கூலிம் ஹைடெக் பார்க் வந்தது. இந்தப் பகுதியில் நம் பெண்கள் தலைமுறையாக ஆபரேட்டராக இந்தத் தொழிற்சாலைகளைத் தாங்கியிருக்கிறார்கள். சிப் சோதனைக்கு நிரல் எழுதுவது, பழுதாகும் துண்டுகளின் தரவைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது, இயந்திரங்களை ஒன்றோடொன்று பேசவைப்பது என்று உன் வீட்டுக்கு அரை மணி, ஒரு மணி நேர தூரத்திலேயே கணினி படித்தவர்களுக்கு வேலை இருக்கிறது. கணினி வேலை என்றால் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று மட்டும் நினைக்க வேண்டாம். உன் அம்மாவுக்கு அந்த லைனைப் பற்றித் தெரிந்தது பல பட்டதாரிகளுக்குத் தெரியாது. நீ அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால் பின்னால் உனக்கு உதவும்.

விண்ணப்பம் போடும் சமயத்தில் ஒரு குழப்பம் வரும், இப்போதே சொல்லி வைக்கிறேன். கணினி அறிவியல், மென்பொருள் பொறியியல், தகவல் தொழில்நுட்பம், தகவல் அமைப்பு என்று நாலைந்து பெயர் இருக்கும். கணினி அறிவியலில் கணிதமும் அடிப்படையும் அதிகம். மென்பொருள் பொறியியலில் பெரிய மென்பொருளைக் குழுவாகத் திட்டமிட்டு, சோதித்து, வருடக் கணக்கில் பராமரிப்பது அதிகம். தகவல் தொழில்நுட்பம் என்றால் ஒரு நிறுவனத்தின் சர்வர், வலையமைப்பு, பாதுகாப்பு ஆகியவற்றை நடத்துவது. தகவல் அமைப்பில் பாதி வணிகப் பாடம். வேலைக்கு எடுக்கும்போது நாங்கள் இந்தப் பெயர்களை அவ்வளவாகப் பிரித்துப் பார்ப்பதில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் படிக்கும் மூன்றரை, நான்கு வருடம் உனக்குப் பிடித்ததாக இருக்க வேண்டுமே. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் பாடப் பட்டியலை வெளியிடுகிறது. பெயரை விட்டுவிட்டு அந்தப் பட்டியலைப் படி. உங்களுக்குப் பக்கத்தில் பினாங்கில் யூஎஸ்எம், சிந்தோக்கில் யூயூஎம். தூரம் போகலாம் என்றால் மலாயாப் பல்கலைக்கழகம், ஸ்கூடாயில் யூடிஎம், மலாக்காவில் யூடெம். பட்டப்படிப்புச் சேர்க்கையில் 90 விழுக்காடு கல்வி முடிவுக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் போகிறது. அந்தப் பத்தை நம் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். படிவம் ஆறில் ஒரு சங்கத்தில் பொறுப்பு எடு, ஒரு விளையாட்டில் இரு, சான்றிதழ்களைப் பத்திரமாக வை. மியூட் என்ற ஆங்கிலத் தேர்வும் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் பி வாங்கிய நீ தினம் ஒரு பக்கம் வாசித்தால் அதற்குத் தயாராகிவிடலாம்.

கணினி இல்லாததைப் பற்றி. படிவம் ஆறு முடியும் வரைக்கும் கைப்பேசியே போதும். பைத்தான் மொழியை எழுதி ஓட்டிப் பார்க்க ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பைட்ராய்டு என்ற செயலி இருக்கிறது. ஊரிலோ பக்கத்திலோ நாடி மையம் இருந்தால் அங்கே கணினியும் இணையமும் கிடைக்கும், பொது நூலகத்திலும் கேட்டுப் பார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்ற முதல் பாடம் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. முதல் இரண்டு, மூன்று வாரப் பாடத்தைப் பார்த்தாலே இந்தப் படிப்பின் ருசி தெரிந்துவிடும். பல்கலைக்கழகம் போகும்போது மடிக்கணினி வேண்டும். அப்போதும் புதிது தேவையில்லை, 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் உள்ள பழைய அலுவலக மடிக்கணினி ஒன்று முதல் இரண்டு வருடத்தைத் தாங்கும்.

ஆனால் வெறும் வீடியோ பார்த்துக்கொண்டிருக்காதே, ஒன்றைச் செய்து பார். உன் வீட்டிலேயே விஷயம் இருக்கிறது. அப்பா ஒவ்வொரு நாளும் வெட்டும் குலை எத்தனை, உதிரிப் பழம் எத்தனை மூட்டை என்று ஒரு மாதத்துக்கு எழுதி வை. அதைப் பைத்தானில் போட்டு, மாதச் சம்பளம் எவ்வளவு வர வேண்டும் என்று கணக்குப் போடும் நிரல் எழுது. பிறகு சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார். முதல் தடவை பொருந்தாது. மழை நாளில் என்ன நடந்தது? ஞாயிற்றுக்கிழமை வேலை எப்படிச் சேர்கிறது? கழிவுகள் எவை? ஒவ்வொன்றாக அப்பாவிடம் கேட்டு, நிரலைத் திருத்திக்கொண்டே போ. ஒரு நாள் இரண்டும் பொருந்தும். அதற்குள் மாறி, நிபந்தனை, சுழற்சி, பட்டியல் என்று நிரலாக்கத்தின் முதல் பருவப் பாடத்தில் பெரும்பகுதியை நீ தெரிந்துகொண்டிருப்பாய். இன்னும் ஆசை இருந்தால், மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் வெளியிடும் விலைகளை எடுத்து, விலை ஏறும் மாதங்களையும் அப்பாவின் வருமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார். பின்னால் ஒரு நேர்காணலில் இதைப் பற்றி நீ பேசினால் நான் நிச்சயம் நிமிர்ந்து உட்காருவேன்.

உதவித் தொகை பற்றிச் சுருக்கமாக. தாத்தாவோ பாட்டியோ தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கியிருக்கிறார்களா என்று கேள். துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய சங்கம், தோட்டத் தொழிலாளர் பலர் அந்தக் காலத்தில் மாதம் கொஞ்சமாகக் கட்டிச் சேர்ந்தார்கள். பழைய பங்குச் சீட்டு அலமாரியில் எங்காவது இருக்கலாம். உறுப்பினர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டா, எப்போது விண்ணப்பிப்பது என்று சங்கத்திடம் விசாரி. இந்திய சமூகத்துக்கான அரசாங்க அமைப்பான மித்ராவின் அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டிரு. கணிதத்துக்குத் துணை வேண்டுமென்றால் ஸ்ரீ முருகன் நிலையத்தின் வகுப்பு சுங்கை பட்டாணி, கூலிம் பக்கம் நடக்கிறதா என்று கேட்டுப் பார். 1982 முதல் நம் பிள்ளைகளுக்காக உழைக்கும் நிலையம் அது.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இதுதான். கடிதத்தில் உள்ள தேதியில், எஸ்பிஎம் முடிவுச் சீட்டோடு படிவம் ஆறு பதிவுக்குப் போ. அறிவியல் பிரிவா என்று உறுதி செய். அந்தப் பள்ளியில் கணிதம் டி நடத்துகிறார்களா என்று முதல் நாளே கேள். நடத்தவில்லை என்றால் அங்கேயே இருந்து வேறு பாடத்துக்குச் சமாதானமாகிவிடாதே. கணிதம் டி உள்ள பள்ளிக்கு மாற்றம் கேட்டு உடனே எழுதிக் கொடு. வாரம் போகப் போக மாற்றம் கிடைப்பது கடினமாகிவிடும். வேறு ஊர்ப் பள்ளி என்றால் பேருந்தா விடுதியா என்பதை அப்பா அம்மாவோடு பேசி முடிவு செய்.

முதல் தவணை முடிவு வந்ததும் எனக்கு எழுது. கணிதம் டி-யில் என்ன வாங்கினாய், எந்தத் தலைப்பு உதைக்கிறது என்பதையும் சேர்த்து எழுது. அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூபியூ விண்ணப்பத்தில் எந்தப் படிப்பை எந்த வரிசையில் போடுவது என்று அப்போது சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா